எண்ணிம வெண்பலகைச் செயலி

எண்ணிம வெண்பலகைச் செயலி என்பது, டேப்லெட் எனப்படும் கையடக்கக் கணினியின் தொடுதிரையை எழுதவும் வரையவும் அழிக்கவும் கூடிய பலகையாகப் பயன்படுத்த உதவும் மென்பொருள் ஆகும். வகுப்பறைகளிலும் அலுவலகங்களிலும் உள்ள வெள்ளைப் பலகையின் பணியைச் செய்வதால் இது இப்பெயர் பெற்றது. கதை, நாடகம், குறும்படம், வரைகதை, கோலம், பாடத் துணைப் படங்கள் முதலிய ஆக்கப் பணிகளின் முதல் வரைவை உருவாக்க இது பயன்படுகின்றது. முழுமையான ஓவியம் தீட்டும் மென்பொருள்களிலிருந்து இது வேறுபட்டது. எண்ணங்களை விரைவாகப் பதிந்து, இடம் மாற்றி அடுக்கிப் பார்ப்பதே இதன் முதன்மை நோக்கமாகும். வரைவு எங்கே, எந்த வடிவில் சேமிக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்தே அது பிற்காலத்தில் கிடைக்குமா என்பது அமையும்.

வரலாறு

திரையில் நேரடியாக வரையும் முறையின் முன்னோடியாக, ஐவன் சதர்லாந்து மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1963 இல் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற நிரல் கருதப்படுகின்றது. இதில் ஒளிப்பேனா கொண்டு திரையில் கோடுகள் வரையப்பட்டன. 1991 இல் கனடாவின் ஸ்மார்ட் டெக்னாலஜீஸ் நிறுவனம் ஸ்மார்ட் போர்டு என்ற ஊடாடு வெண்பலகையை அறிமுகப்படுத்தியது. இது சுவரில் பொருத்தப்படும் பெரிய கருவியாகும்.

2010 இல் ஐபேட் விற்பனைக்கு வந்த பின்னர் கையடக்கக் கணினிகள் பரவலாயின. 2015 இல் ஆப்பிள் பென்சில் வெளியானது. ரியல்டைம்போர்டு என்ற பெயரில் 2011 இல் தொடங்கப்பட்ட சேவை 2019 இல் மிரோ எனப் பெயர் மாற்றம் பெற்றது. கூகுளின் ஜாம்போர்டு 2017 இலும், மைக்ரோசாப்ட் ஒயிட்போர்டு 2018 இலும், கட்டற்ற மென்பொருளான எக்ஸ்கேலிட்ரா 2020 இலும், ஆப்பிளின் ஃப்ரீஃபார்ம் 2022 இலும் வெளியாயின. 2020 இல் கொரோனா பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது இத்தகைய செயலிகளின் பயன்பாடு பெருகியது.

செயற்படும் முறை

விரல் அல்லது எழுதுகோல் திரையில் நகரும்போது, அது தொட்டுச் செல்லும் புள்ளிகளின் ஆயங்கள் தொடர்ச்சியாகப் பதியப்படுகின்றன. எழுதுகோல் அழுத்தத்தை உணரக் கூடியதாயின், ஒவ்வொரு புள்ளியிலும் அழுத்தத்தின் அளவும் பதியப்பட்டு, கோட்டின் தடிமன் அதற்கேற்ப மாறும். உள்ளங்கை திரையில் படுவதைப் பிரித்தறிந்து புறக்கணிக்கும் வசதியும் பல கருவிகளில் உண்டு.

இப்புள்ளிகளை இணைத்துச் சீரான வளைகோடாக மென்பொருள் மாற்றுகின்றது. பெரும்பாலான வெண்பலகைச் செயலிகள் கோடுகளைத் திசையன் வடிவில் வைத்திருக்கின்றன. எனவே, எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு சிதைவதில்லை. வரைந்த கோட்டைத் தனியே தேர்ந்தெடுத்து நகர்த்தலாம், சுழற்றலாம், படியெடுக்கலாம், நிறம் மாற்றலாம். பலகைக்குக் குறிப்பிட்ட ஓரம் இல்லாததால், வேண்டிய திசையில் நகர்த்தித் தொடர்ந்து வரைந்து செல்லலாம்.

ஆக்கப் பணிகளில் பயன்பாடு

கோலம்

பல செயலிகளில் பலகையின் பின்னணியாகப் புள்ளி வரிசையை அமைத்துக்கொள்ளலாம். இது புள்ளிக் கோலம் வரைவதற்கு ஏற்றது. புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைந்து செல்லும் சிக்குக் கோலத்தில், ஒரு வளைவு தவறினால் கோடு தொடங்கிய இடத்திற்கு வந்து சேராது. தரையில் அழித்து வரைய வேண்டிய இடத்தில், செயலியில் இறுதி வளைவை மட்டும் மீளப் பெற்றுத் திருத்தலாம். நான்கு புறமும் ஒத்த அமைப்புடைய கோலமாயின், கால் பகுதியை மட்டும் வரைந்து, அதனைப் படியெடுத்து 90 பாகை சுழற்றிப் பொருத்தி முழுக் கோலத்தையும் பெறலாம்.

கோலத்திற்கும் கணினியியலுக்கும் உள்ள தொடர்பு தமிழ்நாட்டில் முன்னரே ஆராயப்பட்டுள்ளது. கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் ஆகியோர் 1974 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக் கோல வடிவங்களைப் பெறும் முறையை விளக்கியது. கிஃப்ட் சிரோமணி சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பணியாற்றியவர் ஆவார்.

கதையும் குறும்படமும்

குறும்படம் எடுப்போர் ஒவ்வொரு காட்சியையும் சிறு கட்டமாக வரைந்து, அதன் கீழ் உரையாடலையும் ஒளிப்பதிவுக் கோணத்தையும் குறிக்கின்றனர். கட்டங்களை இழுத்து இடம் மாற்றினால் கதையின் வரிசை மாறும். எழுத்தாளர்கள் கதைமாந்தரின் உறவுகளைக் கோடுகளால் இணைத்துப் பார்க்கவும் இதே முறை உதவுகின்றது.

தமிழ் எழுத்துகளின் நிலை

கையால் எழுதப்படும் தமிழ், செயலிக்கு வெறும் கோடுகளே ஆகும். கையெழுத்தை அறியும் வசதி இல்லாவிடில் அவ்வெழுத்துகளைத் தேட இயலாது. தட்டச்சு செய்யப்படும் தமிழ் ஒருங்குறியில் அமைவதால் தேடலுக்கு உட்படும். எனினும், சில செயலிகளின் சிறப்பு எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் இல்லை. எடுத்துக்காட்டாக, எக்ஸ்கேலிட்ராவின் கையெழுத்துப் பாணி எழுத்துருவில் இலத்தீன் எழுத்துகள் அப்பாணியில் தோன்ற, தமிழ் எழுத்துகள் கருவியில் உள்ள வேறொரு எழுத்துருவில் தோன்றும். இதனால் வேறொரு கருவியில் திறக்கும்போது சொற்களின் அகலம் மாறி, படத்தின் அமைப்புக் குலையக் கூடும்.

சிற்றூர்ச் சூழல்

தமிழ்நாட்டு அரசு 2024 இல் அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினிகளை வழங்கத் தொடங்கியது. இத்தகைய கருவிகள் சிற்றூர்களையும் எட்டுவதால், மின்சாரமும் இணையமும் இல்லாதபோது செயலி எவ்வாறு இயங்கும் என்பது முக்கியமான வினாவாகும்.

2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலினால் புதுக்கோட்டை மாவட்டம் கடும் பாதிப்புக்கு உள்ளாகியது. கறம்பக்குடி உள்ளிட்ட பகுதிகளில் மின்வழங்கல் பல நாட்கள் தடைப்பட்டது. இத்தகைய வேளைகளில், வரைவை மேகக் கணிமையில் மட்டும் வைக்கும் செயலியில் முன்னர் வரைந்தவற்றைத் திறக்க இயலாமற் போகும். கருவியிலேயே கோப்பைச் சேமிக்கும் செயலி, மின்கலத்தில் மின்னூட்டம் உள்ளவரை இயங்கும். ஆனால் கருவி பழுதடைந்தாலோ தொலைந்தாலோ அதிலுள்ள வரைவும் இழக்கப்படும். எனவே இரண்டு இடங்களிலும் படி வைத்திருப்பது பாதுகாப்பானது.

ஜாம்போர்டு நிறுத்தமும் கோப்புகளின் நிலைபேறும்

இத்துறையில் நிகழ்ந்த குறிப்பிடத்தக்க நிகழ்வு ஜாம்போர்டு சேவையின் நிறுத்தமாகும். பள்ளிகளில் பரவலாகப் பயன்பட்ட இச்சேவையை நிறுத்தப்போவதாகக் கூகுள் 2023 செப்டெம்பரில் அறிவித்தது. 2024 அக்டோபர் முதல் பலகைகளைப் பார்க்க மட்டுமே முடிந்தது. 2024 திசம்பர் 31 அன்று சேவை முடிவுக்கு வந்தது. எஞ்சிய பலகைகள் பி.டி.எஃப் கோப்புகளாக மாற்றப்பட்டன. இதனால் படங்கள் காப்பாற்றப்பட்டாலும், ஒட்டுத்தாள்களை நகர்த்தும் வசதியும் இணைந்து திருத்தும் வசதியும் இல்லாமற் போயின. வேறு சேவைக்கு உரிய காலத்தில் மாற்றியோரே தம் வரைவுகளில் தொடர்ந்து பணியாற்ற முடிந்தது.

ஆக்கப் பணியில் முதல் வரைவு பல மாதங்கள் கழித்தும் திருத்தப்படுவதால், கோப்பு வடிவத்தின் தேர்வு முக்கியத்துவம் பெறுகின்றது. பொதுவாகக் கிடைக்கும் வடிவங்கள் பின்வருமாறு:

- பி.என்.ஜி: படமாக மட்டும் சேமிக்கும். எங்கும் திறக்கலாம். கோடுகளைத் தனியே திருத்த இயலாது.
- பி.டி.எஃப்: அச்சிடுவதற்கு ஏற்றது. 2008 இல் பன்னாட்டுச் சீர்தரமாக ஏற்கப்பட்டது.
- எஸ்.வி.ஜி: 2001 முதல் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக உள்ள திசையன் வடிவம். இங்க்ஸ்கேப் போன்ற கட்டற்ற மென்பொருளில் திறந்து கோடுகளைத் திருத்தலாம்.
- செயலியின் சொந்த வடிவம்: எல்லா வசதிகளையும் தக்கவைக்கும். அச்செயலி கைவிடப்பட்டால் திறப்பது கடினமாகலாம்.

எக்ஸ்கேலிட்ராவின் சொந்தக் கோப்பு, உரைத் தொகுப்பியில் படிக்கக் கூடிய வெற்று உரையாக அமைந்துள்ளது. எனினும், அதன் இலவச வலைப் பதிப்பு நடப்பு வரைவை உலாவியின் உள்ளகத்தில் வைப்பதால், உலாவித் தரவை அழித்தால் வரைவும் அழிந்துவிடும். ஆகவே, திருத்தத்தக்க கோப்பு ஒன்றையும் எஸ்.வி.ஜி அல்லது பி.டி.எஃப் படி ஒன்றையும் அவ்வப்போது தனியே சேமித்து வைத்தல் நன்று.

இவற்றையும் பார்க்க

- ஊடாடு வெண்பலகை
- திசையன் வரைகலை
- தொடுதிரை
- கோலம்
- கட்டற்ற மென்பொருள்