ரேம் பெட்டியில் அச்சிட்ட வேகத்துக்கு யார் பொறுப்பு?

செங்கத்தில் கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர்கள், வீடியோ எடிட்டிங் செய்யும் இளைஞர்கள், கேம் ஆடும் மாணவர்கள் என யாராக இருந்தாலும், புது கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன் இருக்கிற டெஸ்க்டாப்பை வேகப்படுத்த வழி தேடுவது இயல்பு. ரேமை மாற்றி ஓவர்க்ளாக் செய்வது, அதாவது அடிப்படை வேகத்துக்கு மேல் ஓட்டுவது, அதில் செலவு குறைந்த வழியாக இருந்தது. 2025-இன் பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. ரேமில் இருக்கும் டிராம் சிப்புகளில் உலக உற்பத்தியின் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களே தயாரிக்கின்றன. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் வாங்கிக் குவிக்கவே, உற்பத்தியும் அந்தப் பக்கம் திரும்பியது. குருஷியல் என்ற பெயரில் நடத்திவந்த சில்லறை வணிகத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில் 'பாதி விலைக்குத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

வாங்கப் போகும் முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பொருத்தமான மதர்போர்டில், பெட்டியில் அச்சிட்ட வேகம் வரை ரேம் ஓட வேண்டும் என்பது நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய உரிமை. அதற்கு மேல் கிடைப்பது அதிர்ஷ்டம். அதற்காக யாரிடமும் வழக்காட முடியாது.

பெட்டியில் உள்ள எண்

டிடிஆர்4 ரேமுக்கான பொதுத்தரம் 3200 வேகத்தோடு முடிகிறது, மின்னழுத்தம் 1.2 வோல்ட். பெட்டியில் 3600 என்று இருந்தால், அது தயாரிப்பாளரே சோதித்துப் பதிந்து வைத்த ஓவர்க்ளாக் வேகம். பெரும்பாலும் 1.35 வோல்ட்டில் ஓடும். அந்தப் பதிவுக்கு இன்டெல் வைத்த பெயர் எக்ஸ்எம்பி. டிடிஆர்5-க்கு ஏஎம்டி வைத்த பெயர் எக்ஸ்போ. கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் போய் அதை இயக்காதவரை டிடிஆர்4 ரேம் 2133, 2400, 2666 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

இதைப் பெட்டியில் தெளிவாகச் சொல்லவில்லை என்று அமெரிக்காவில் நுகர்வோர் கூட்டாக வழக்குத் தொடுத்தனர். கோர்ஸேர் நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலே 55 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பெட்டியில் விளக்கம் அச்சிடவும் சம்மதித்தது. ஓர் எண்ணை அச்சிட்டு விற்றால் அதற்கான நிபந்தனையையும் சொல்ல வேண்டும் என்பதே அங்கே எழுந்த கேள்வி. நம் ஊர்க் கடையிலும் அதே கேள்வியைக் கேட்கலாம்.

மதர்போர்டு ஒத்துழைக்காவிட்டால் எவ்வளவு நல்ல ரேமும் பயன்படாது. இன்டெல் எச்610 போர்டில் ரேம் ஓவர்க்ளாக் கிடையாது. பி660, பி760, இசட் வரிசை போர்டுகளில் உண்டு. ஏஎம்டியில் பி450, பி550, பி650 போர்டுகள் இடம் கொடுக்கும். டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 ரேம் பொருந்தாது. போர்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் உங்கள் போர்டோடு ஒத்துப்போகும் ரேம்களின் பட்டியல் இருக்கும்; அதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

குறைந்த விலையில் நல்லதைத் தேர்வது

வேகத்தோடு, தாமதத்தைக் குறிக்கும் சிஎல் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ நொடியில் கிடைக்கும். 3200 சிஎல்16 ரேமுக்கு 10 வரும். 3600 சிஎல்18-க்கும் அதே 10தான். 2666 சிஎல்19-க்கு 14-ஐத் தாண்டும். டிடிஆர்4 போர்டு வைத்திருப்பவருக்கு முதல் இரண்டில் எது மலிவோ அது போதும். டிடிஆர்5-இல் 6000 சிஎல்30-க்கு 10, சிஎல்36-க்கு 12. கையைக் கடித்தால் சிஎல்36 வாங்குவதில் பெரிய நட்டமில்லை.

ஒற்றை 16 ஜிபியைவிட ஒரே பெட்டியில் வரும் 8 ஜிபி ஜோடி வேகமானது. தனித்தனியாக வாங்கிச் சேர்த்த ரேம்கள் எக்ஸ்எம்பி வேகத்தில் ஒத்துப்போகும் என்று யாரும் உறுதி தருவதில்லை. வண்ண விளக்குக்குக் கொடுக்கும் பணம் வேகத்தைக் கூட்டாது.

எங்கே அடி விழும்?

முதல் ஆபத்து சத்தமில்லாமல் வரும். ரேம் நிலையாக ஓடாவிட்டால் கோப்புகள் கெடும். வாடிக்கையாளரின் கல்யாணப் படங்களே போகலாம். ஆகவே ஓவர்க்ளாக் செய்யும் முன் கோப்புகளுக்கு நகல் எடுத்து வையுங்கள். வேகத்தை ஏற்றிய பிறகு இலவச மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து இயக்கி, நான்கு சுற்றும் முடியும்வரை விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் வேண்டாம்.

இரண்டாவது, வாரண்டி. எக்ஸ்எம்பி, எக்ஸ்போ இரண்டும் ஓவர்க்ளாக்கே என்பது இன்டெல், ஏஎம்டி இரண்டின் நிலைப்பாடும். அதனால் பிராசஸர் கெட்டால் வாரண்டி மறுக்கப்பட வாய்ப்பு உண்டு. அச்சிட்ட மின்னழுத்தத்துக்கு மேல் நீங்களாக ஏற்றி ரேம் கெட்டால் ரேம் வாரண்டியும் கைவிட்டுப் போகலாம். 'ஆயுட்கால வாரண்டி' என்றால் இந்தியாவில் எத்தனை ஆண்டு என்பதை எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, போலி. பழைய சிப்புகளின் மேல் புதுத் தகடு ஒட்டி விற்பதும், பெயர்ச்சீட்டை மாற்றுவதும் உண்டு. சிபியு-இசட் மென்பொருளில் தயாரிப்பாளர், மாடல் எண் இரண்டையும் பெட்டியோடு ஒப்பிடுங்கள். அதில் 3200 ரேம் 1600 என்று காட்டினால் பதற வேண்டாம். பாதியைக் காட்டுவது அதன் வழக்கம். கடைக்காரர் மீது பழி போடும் முன் எக்ஸ்எம்பி இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

வாங்கும்போது கையில் இருக்க வேண்டியவை

மாடல் எண், சீரியல் எண் இரண்டும் எழுதிய ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பெட்டியில் எம்ஆர்பி, இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு என்ற விவரங்கள் இருக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கினால் விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பில் இல்லாமல் தனியாளிடம் வாங்கும் பழைய ரேமுக்கு நுகர்வோர் சட்டத்தின் துணை கிடைப்பது கடினம். அதை உங்கள் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பொருள் சரியில்லையென்றால்

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகை குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், அதைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் முறையற்ற வணிகமே.

முதலில் கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். ஆன்லைன் தளமானால் அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பலன் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைத் தமிழிலேயே அழைக்கலாம்.

அதற்கும் அசையாவிட்டால், செங்கத்தில் இருப்பவர்களுக்குத் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் சென்னையிலோ டெல்லியிலோ இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் மனு கொடுக்கலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

ஆல்பம் வேலைக்காக வாங்கியது வணிகப் பயன்பாடு ஆகிவிடுமோ என்று தயங்குபவர்கள் இருக்கலாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவரும் சட்டப்படி நுகர்வோரே.

ரேம் வாங்கிய முதல் வாரத்திலேயே சோதனையை முடித்துவிடுங்கள். பிழை தெரிந்தால் திரையைப் படமெடுத்து, பில்லோடும் பெட்டியோடும் அன்றே புகார் அனுப்புங்கள். நாள் தள்ளினால் வாதம் உங்கள் கையை விட்டு நழுவும்.