வீட்டுக்குள் ஒரு குளம் – 6: கிணற்றின் கணக்கு

மயிலாப்பூரில் நான் வளர்ந்த வீட்டின் கொல்லைக் கிணற்றில் மீன் இருந்தது. கொசு ஒழிப்புக்கு வந்த மாநகராட்சிப் பணியாளர் ஒரு தகர டின்னிலிருந்து, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்களை அதில் விட்டுப் போனார். அவற்றுக்கு யாரும் தீனி போட்டதில்லை. பாட்டி இறைக்கிற வாளியில் எப்போதாவது ஒன்று ஏறி வரும்; வாளியை அப்படியே திரும்ப இறக்கி, நீரில் சாய்த்து விட்டுவிடுவார். வருடக்கணக்கில் அவை அங்கே பிழைத்தன.

பிற்பாடு தி.நகர் அடுக்ககத்துக்குக் குடிவந்து, கண்ணாடிக் குடுவையில் இரண்டு தங்கமீன் வைத்தேன். ஒரு மே மாதப் பிற்பகல் மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை. காற்று மோட்டார் நின்றுபோனது. வெளியே போயிருந்த நான் திரும்பியபோது இரண்டும் மிதந்தன. கிணறு காப்பாற்றியதைக் குடுவை ஏன் கொன்றது என்ற கேள்வியிலிருந்துதான் இந்தத் தொடரே முளைத்தது.

20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும்; மீனுக்கோ சூடு ஏற ஏற மூச்சு அதிகம் தேவை. தங்கமீன் குளிர்நீர் மீன். 20 டிகிரியை ஒட்டிய நீர்தான் அதற்கு இதம். 2003 மே கடைசியில் 45 டிகிரியைப் பார்த்த சென்னையில், அதைக் குடுவையில் வைப்பது கொடுமை என்றே சொல்வேன். நம் ஊரில் ‘குளிர்நீர் தொட்டி’ என்றால் ஹீட்டர் இல்லாத தொட்டி, அவ்வளவுதான். கிணற்றில் நிழல் இருந்தது, சுற்றிலும் மண் இருந்தது, நிறைய நீருக்குக் கொஞ்சம் மீன் இருந்தது. தொட்டிக்கும் இதே கணக்குதான்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் போதும். உயரத்தைக் கூட்டாதீர்கள், காற்று கரைவது மேற்பரப்பில்தான். கிழக்கு ஜன்னல் ஓரம், காலை வெயில் ஒன்றிரண்டு மணி நேரம் படுகிற இடம். மேற்குச் சுவர் வேண்டவே வேண்டாம். அடியில் உரம் கலக்காத தோட்டத்து மண் ஓரங்குலம், அதன்மேல் நன்றாக அலசிய ஆற்று மணல் ஒன்றரை அங்குலம். பிறகு செடி. பள்ளி ஆய்வகத்தில் புனலுக்கு அடியில் வைத்துக் குமிழி எண்ணினோமே, அதே ஹைட்ரில்லா. கூடவே நாடா போன்ற இலைகளுள்ள வாலிஸ்னேரியா. மணல் தெரியாத அளவுக்கு நெருக்கி நடுங்கள். மீன் கழிவின் அம்மோனியாவைச் செடி உறிஞ்சும். மிச்சத்தை நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா மணலில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் வாங்கப் போகக் கூடாது. இந்தப் பொறுமைதான் பலருக்கு வருவதில்லை.

தண்ணீர்தான் சென்னைக்காரர்களின் தனிப் பாடு. மெட்ரோ தண்ணீரை வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் கரிக்கும். கோடையில் தொட்டி நீர் ஆவியாகும்போது உப்பு மட்டும் உள்ளேயே தங்கிவிடும்; குறைந்ததைப் போர் நீரால் நிரப்பிக்கொண்டே போனால் மாதத்துக்கு மாதம் உப்பு ஏறும். மழைநீர் அதற்கு நல்ல மருந்து. முதல் மழை மொட்டைமாடியைக் கழுவிவிட்டுப் போகட்டும்; அடுத்த மழையில் பிடித்து, குடத்தில் மூடி வையுங்கள்.

இனி மீன். நெற்றியில் வெள்ளிப் பொட்டோடு நீர்மட்டத்தை ஒட்டியே திரியும் அப்லோகைலஸ் நம் குளங்களில் பிறந்தது. கொசுப் புழு அதற்கு விருந்து. ஐந்தாறு விடலாம். துள்ளி வெளியே விழும், ஆகவே மேலே கொசுவலை கட்டுங்கள். கரிக்கும் தண்ணீர் வீட்டுக்கு ஆரஞ்சு குரோமைடு ஒரு ஜோடி. கழிமுகத்து மீன் என்பதால் உப்பும் அதற்குப் பழக்கம், நல்ல தண்ணீரும் பழக்கம். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

என் பாட்டியின் கிணற்றில் இருந்தது கம்பூசியா என்று பின்னால்தான் தெரிந்தது. அமெரிக்க மீன், 1928-இல் கொசுவை ஒழிக்க இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நம் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று, பெரிய மீன்களின் துடுப்பையும் கடித்துக் குதறும். ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கிற சக்கர் மீனோ ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் வைத்துக்கொள்ள இடமில்லாமல் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அது அங்கே பெருகி, வலையில் நாட்டு மீனுக்குப் பதில் ஏறுகிறது. எந்த மீனையும், கோயில் குளத்தில்கூட, தயவுசெய்து விடாதீர்கள்.

இப்போது என் தொட்டியில் மோட்டார் இல்லை. வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறேன். அது துளசிக்குப் போகிறது. போன மாதம் குரோமைடு ஜோடி ஒரு பானை ஓட்டில் முட்டையிட்டது. குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தாய் தகப்பன் உடம்பில் ஊறும் வழுவழுப்பைக் கொத்தித் தின்னும். நேற்று மின்சாரம் போன நேரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டும் அசையாமல் நிற்க, குஞ்சுகள் கொத்திக்கொண்டிருந்தன.