@ குறிக்குப் பின்னால் எந்த வங்கி?

2020 மார்ச் 5 இரவு யெஸ் பேங்க் மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. அந்த வங்கியில் ஒரு ரூபாய்கூடப் போட்டிராதவர்களின் போன்பே செயலியும் அன்றிரவே முடங்கியது. போன்பேயின் யுபிஐ சேவை யெஸ் பேங்க் வழியாக ஓடியதுதான் காரணம். ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்த பிறகே அது மீண்டது. 2024இல் பேடிஎம் பேமெண்ட்ஸ் பேங்க் மீது நடவடிக்கை வந்தபோதும், பேடிஎம் செயலி வேறு நான்கு வங்கிகளின் தோளில் ஏறித்தான் தொடர்ந்தது.

கணக்கு ஒரு வங்கியில், செயலி ஒரு நிறுவனத்துடையது, அந்தச் செயலியைத் தாங்குவது இன்னொரு வங்கி. 2016இல் தொடங்கிய யுபிஐயின் அமைப்பே இதுதான். இந்தச் சேர்க்கையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு. பலருக்கு அது தெரிவதில்லை. யுபிஐ முகவரியில் @ குறிக்குப் பின்வரும் எழுத்துகள் தாங்கும் வங்கியைக் காட்டிக்கொடுக்கும். 'ஓகேஎஸ்பிஐ' என்றால் ஸ்டேட் வங்கி, 'ஒய்பிஎல்' என்றால் யெஸ் பேங்க். கைபேசியில் இரண்டு செயலிகள் இருந்தும் இரண்டும் ஒரே வங்கியை நம்பியிருந்தால், அந்த வங்கி படுக்கும் நாளில் இரண்டும் சேர்ந்தே படுக்கும்.

கணக்கு வைத்திருக்கும் வங்கியின் தரத்தையும் பார்க்க வேண்டும். தொழில்நுட்பக் கோளாறால் எந்த வங்கியில் எத்தனை சதவீதப் பரிவர்த்தனைகள் தோற்றன என்று, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ மாதந்தோறும் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. சம்பளக் கணக்கை யுபிஐயில் இணைக்காமல், செலவுக்கென்று சிறு தொகையோடு தனிக் கணக்கை இணைப்பது இன்னும் பாதுகாப்பு.

செயலியை மாற்றுபவர்கள், தானாகப் பணம் கழிவதற்கு அனுமதி கொடுத்த ஆட்டோபே பட்டியலை மறந்துவிடுகிறார்கள். செயலியைக் கைபேசியிலிருந்து நீக்கினாலும் மாதச் சந்தாவுக்குக் கொடுத்த அனுமதி உயிரோடுதான் இருக்கும். தனியே ரத்து செய்ய வேண்டும்.

ஒருவருக்கு அனுப்பிய பணம் கணக்கில் கழிந்தும் அவருக்குப் போய்ச் சேரவில்லையா? மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியதானால் 5 நாள் அவகாசம். அதற்கு மேல் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய், கேட்காமலே தரப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவு. முதலில் செயலியில், பிறகு வங்கியில் புகார் செய்ய வேண்டும். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; கட்டணம் இல்லை.

மோசடி என்றால் காத்திருக்கக் கூடாது. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் (PIN) தேவையே இல்லை, அதைக் கேட்பவர் ஏமாற்றுகிறார். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைத்து, வங்கிக்கும் தெரிவித்து, புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியுடையது.