ஃபார்மட் அடிப்பதற்கு முன்

2018 அக்டோபர் 2-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் 10 அப்டேட்டை ஏற்றிய சிலருக்குக் கணினி என்னவோ ஒழுங்காகத்தான் ஓடியது. உள்ளே இருந்த ஆவணங்களையும் படங்களையும்தான் காணோம். சில நாட்களிலேயே அந்த அப்டேட் நிறுத்தப்பட்டது. பிழை திருத்தி மறுபடி வெளியிட நவம்பர் 13 ஆகிவிட்டது.

சி டிரைவில் இடம் போதாமல் 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. அப்படி மாற்றும்போது பழைய கோப்புகளை நகர்த்தாமல் விட்டால், அவை பழைய இடத்திலேயே கிடக்கும். மாற்றியவர்களுக்கு முந்தைய பதிப்பில் வெற்று ஃபோல்டர்கள் இரட்டையாகத் தெரிந்தன; புகார்கள் வந்தன. அந்த வெற்று ஃபோல்டர்களை நீக்கவே புதிய பதிப்பில் ஒரு நிரலைச் சேர்த்தார்கள். அதுவோ, காலியாக இல்லாத பழைய ஃபோல்டர்களையும் சேர்த்துத் துடைத்துவிட்டது.

பாதிக்கப்பட்டவர்களுக்குச் சொல்லப்பட்ட யோசனை: கணினியை முடிந்தவரை தொடாதீர்கள். அழிந்த கோப்பு இருந்த இடத்தில் வேறு தகவல் பதியாதவரை மீட்க வழி இருக்கலாம். அந்த நேரத்தில் அவசரப்பட்டு ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றியவருக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கும்.

மற்றபடி, அப்டேட்டுக்குப் பிறகு அடிக்கடி உறையும் கணினிக்குப் புதிதாக ஏற்றுவது நல்ல வைத்தியம்தான். அப்டேட் என்பது பழைய மென்பொருள்களையும் செட்டிங்குகளையும் டிரைவர்களையும் சுமந்துகொண்டே வீடு மாறுவது. அவற்றில் ஏதோ ஒன்று புதிய பதிப்போடு ஒத்துப்போகாமல் மல்லுக்கட்டும். எது என்று தேடுவதைவிடத் துடைத்துவிட்டுத் தொடங்குவது பல நேரம் சுலபம்.

ஆனால் அது கடைசி மருந்து. பழைய பதிப்பு 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டரில் 10 நாள் இருக்கும். அதற்குள் செட்டிங்ஸ் வழியாகவே திரும்பிவிடலாம். 2016 வரை இந்தக் கெடு ஒரு மாதமாக இருந்தது. குறைத்தது பயனர்களுக்கு உதவியதாகத் தெரியவில்லை.

ஏற்றும் வேலை எளிது. 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றில் மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவியால் விண்டோஸைப் பதிந்து, அதிலிருந்தே கணினியைத் துவக்க வேண்டும். விண்டோஸ் 10, 11-இல் டிஜிட்டல் உரிமம் கணினியின் வன்பொருளோடு இணைந்திருப்பதால், அதே பதிப்பை ஏற்றினால் கீ கேட்கும் இடத்தைத் தாண்டிப் போகலாம். கவனம் தேவைப்படுவது பார்ட்டிஷனை அழிக்கும் திரையில். வெளி ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் அதுவும் அங்குள்ள பட்டியலில் வரும். முன்பே கழற்றிவிடுவது நல்லது. டி டிரைவ் பிட்லாக்கரில் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்பு எண்ணோ அதற்கு வைத்த கடவுச்சொல்லோ இல்லாமல் பிறகு திறக்காது. வைஃபை டிரைவரையும் பென்டிரைவில் எடுத்து வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால், டிரைவரைத் தரவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற சிக்கலில் மாட்டிக்கொள்ள நேரும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். எழுத்துருக்கள் இருப்பதோ சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள்ளோ பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள்ளோ. பேக்கப் எடுப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போவதில்லை. யூனிகோடில் அடித்தவற்றுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதற்கான நிர்மலா எழுத்துரு விண்டோஸோடு சேர்ந்தே வந்துவிடுகிறது.