முதியோருக்காக விடுமுறையை விட்டுக்கொடுத்த நாடு!

“இனி உங்களுக்கு ஆண்டுக்கு ஒரு விடுமுறை நாள் குறையும்” என்று சொன்னால் தொழிலாளர்கள் சும்மா இருப்பார்களா?

ஜெர்மனியில் அப்படி ஒரு விடுமுறை போயிற்று. நவம்பர் மாதத்தில் ஒரு புதன்கிழமை வரும் பண்டிகை நாள் அது. செய்த பாவங்களுக்கு வருந்தி, புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்கள் பிரார்த்தனை செய்யும் நாள். 1995-ம் ஆண்டு முதல் அன்றும் தொழிற்சாலைகள் ஓடின.

ஏன் தெரியுமா?

படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களையும், தீராத நோயாளிகளையும் பராமரிக்கப் பணம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான்!

பென்ஷன் போதவில்லை

தொழிலாளர் இன்ஷூரன்சில் ஜெர்மனி பழம் பெருமை உள்ள நாடு. பிஸ்மார்க் காலத்திலேயே, 1883-ல் நோய்க்கு இன்ஷூரன்ஸ் வந்தது. 1884-ல் விபத்துக்கு வந்தது. 1889-ல் முதுமைக்குப் பென்ஷன் வந்தது. 1927-ல் வேலை இல்லாதவர்களுக்கும் வந்துவிட்டது.

ஆனாலும் ஒரு குறை இருந்தது.

கால் முறிந்தால் ஆஸ்பத்திரிச் செலவை இன்ஷூரன்ஸ் கொடுக்கும். கால் கூடிய பிறகும் கிழவரால் எழுந்து நடக்க முடியவில்லை என்றால்? குளிப்பாட்ட ஓர் ஆள் வேண்டும். சோறு ஊட்ட ஓர் ஆள் வேண்டும். “இது வைத்தியம் அல்ல, பராமரிப்பு. இதற்குப் பணம் கிடையாது” என்று கையை விரித்துவிடுவார்கள்.

பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்தால் மாதாமாதம் பெரிய தொகை கட்ட வேண்டும். பென்ஷன் போதாது. சேமிப்பும் கரைந்துவிடும். கடைசியில், ஏழைகளுக்கு உதவிப் பணம் கொடுக்கும் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். நாற்பது ஆண்டு உழைத்தவர், கைச்செலவுக்குச் சில்லறைக் காசை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும்!

அதோடு விட்டதா? பிள்ளைகளின் வருமானத்தையும் கணக்குப் பார்த்தார்கள். கொடுத்த உதவியைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கேட்டார்கள். “என்னால் என் பிள்ளைக்குத் தொல்லையா?” என்று வருந்திய பெற்றோர்கள் பலர்.

20 ஆண்டு வாதம்

இதற்கு என்ன வழி என்று 1970-களிலேயே பேச்சுத் தொடங்கியது. ஏறக்குறைய 20 ஆண்டு பேசினார்கள்.

ஹெல்முட் கோல் பிரதமராக இருந்தபோது, தொழிலாளர் நல மந்திரி நார்பர்ட் புளூம் பிடிவாதமாக நின்றார். “நோய்க்கு இருப்பதுபோல் பராமரிப்புக்கும் ஓர் இன்ஷூரன்ஸ் வேண்டும். தொழிலாளி பாதி, முதலாளி பாதி கட்ட வேண்டும்” என்பது திட்டம்.

முதலாளிகள் எதிர்த்தார்கள். “எங்களுக்கு ஏற்கனவே தலைக்கு மேல் சுமை” என்றார்கள். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. தொழிலாளர்கள் ஒரு விடுமுறை நாளில் வேலை செய்வார்கள். அந்த வேலையின் பலன் முதலாளியின் பங்கை ஈடு செய்யும்.

1994-ல் சட்டம் நிறைவேறியது. 1995 ஜனவரி முதல் சம்பளத்தில் பணம் பிடித்தார்கள். ஏப்ரல் முதல், வீட்டில் இருக்கும் நோயாளிகளுக்கு உதவி கிடைத்தது. 1996 ஜூலை முதல் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களுக்கும் கிடைத்தது.

சாக்சனி மாகாணம் மட்டும் “விடுமுறையை விட மாட்டோம்” என்றது. அதற்கு விலை உண்டு! 2025-ம் ஆண்டுக் கணக்குப்படி, மற்ற மாகாணங்களில் 100 யூரோ சம்பளத்துக்குத் தொழிலாளி 1.80 யூரோவும், முதலாளி 1.80 யூரோவும் கட்டினார்கள். சாக்சனியில் தொழிலாளி 2.30 கட்டினார். முதலாளி 1.30 கட்டினால் போதும்.

பிள்ளை இல்லாதவர்களுக்கு 23 வயதுக்கு மேல் இன்னும் 60 காசு கூடுதல். “இன்று பிள்ளை வளர்ப்பவர்கள், நாளை பணம் கட்டப்போகிறவர்களை வளர்க்கிறார்கள். இரு சாராரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது” என்று 2001-ல் அந்நாட்டு அரசியல் சட்டக் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. அதன் பலன்தான் இது.

வீட்டில் பார்த்துக்கொண்டாலும் பணம்

இந்தத் திட்டத்தில் குடும்பப் பெண்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

நோயாளியை இல்லத்தில் சேர்க்காமல், மனைவியோ மகளோ மருமகளோ வீட்டிலேயே பார்த்துக்கொண்டால், அதற்கும் பணம் உண்டு. 2025-ல் இது நிலைமைக்கு ஏற்ப மாதம் 347 யூரோ முதல் 990 யூரோ வரை இருந்தது. (அந்த ஆண்டில் ஒரு யூரோவின் மதிப்பு 100 ரூபாயைத் தாண்டியது.) பணம் நோயாளியின் பெயரில் வரும். தம்மைப் பார்த்துக்கொள்பவருக்கு அவர் கொடுக்கலாம்.

வாரத்தில் 10 மணி நேரமாவது நோயாளியைப் பார்த்துக்கொண்டு, வெளி வேலையை 30 மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்பவருக்குப் பென்ஷன் சந்தாவையும் இன்ஷூரன்சே கட்டுகிறது. அம்மாவைப் பார்ப்பதற்காக வேலையைக் குறைத்துக்கொண்ட மகள், தன் முதுமையில் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை!

பார்த்துக்கொள்பவர் நோயில் விழுந்தாலோ, ஓய்வு எடுக்க விரும்பினாலோ, மாற்று ஆளுக்கும் ஆண்டுக்கு 8 வாரம் வரை உதவி கிடைக்கும்.

2023-ம் ஆண்டு முடிவில் ஜெர்மனியில் பராமரிப்புத் தேவைப்பட்டவர்கள் ஏறக்குறைய 57 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு 86 பேர் வீட்டிலேயே இருந்தார்கள்.

நிமிஷக் கணக்கு ஒழிந்தது

யாருக்கு எவ்வளவு என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

முன்பு நிமிஷக் கணக்குப் பார்த்தார்கள். குளிப்பாட்ட இத்தனை நிமிஷம், உடுத்திவிட இத்தனை நிமிஷம் என்று எழுதினார்கள். இதனால், நினைவு தவறியவர்களுக்கு அநீதி நேர்ந்தது. அவர்களுக்குக் கையும் காலும் நன்றாக இருக்கும். ஆனால் அடுப்பை அணைக்க மறந்துவிடுவார்கள்; வீட்டுக்கு வழி தெரியாமல் திகைப்பார்கள். ஒரு நிமிஷம்கூட அவர்களைத் தனியே விட முடியாது. நிமிஷக் கணக்கில் இது வரவில்லை.

2017-ல் முறையை மாற்றினார்கள். இப்போது பரிசோதகர் நோயாளியை நேரில் பார்க்கிறார். நடமாட்டம், நினைவு, நடத்தை, தன் வேலையைத் தானே செய்தல், மருந்து சாப்பிடுதல், அன்றாட வாழ்க்கை ஆகிய ஆறையும் பார்த்து மார்க்குப் போடுகிறார். அதன்படி ஐந்து படிகள். படி ஏற ஏற உதவியும் கூடும்.

இன்னும் தீராத குறை

எல்லாக் கஷ்டமும் தீர்ந்துவிட்டதா? இல்லை.

இந்த இன்ஷூரன்ஸ் செலவில் ஒரு பகுதியைத்தான் தரும். பராமரிப்பு இல்லத்தில் இருப்பவர்களுக்கு, மிக உயர்ந்த படியில் 2025-ல் மாதம் 2,096 யூரோ கிடைத்தது. அது போக, அறை வாடகை, சாப்பாடு, மீதிப் பராமரிப்புச் செலவு எல்லாம் அவர் தலையில்தான். முதல் ஆண்டில் இது சராசரியாக மாதம் 3,000 யூரோ அளவுக்கு இருந்தது. பென்ஷனை மட்டும் நம்பி இருப்பவர் எங்கே போவார்?

இல்லத்தில் இருக்கும் காலம் கூடக்கூட, பராமரிப்புச் செலவில் இன்ஷூரன்சின் பங்கும் கூடும்படி 2022-ல் ஒரு சலுகை வந்தது. அப்படியும் முடியாதவர்கள், பழையபடி உதவி அலுவலகத்துக்குத்தான் மனுப் போட வேண்டும். ஆனால், பழைய அச்சம் இப்போது இல்லை. 2020 முதல், ஆண்டுக்கு ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் சம்பாதிக்கும் பிள்ளைகளிடம் மட்டுமே பணம் கேட்க முடியும்.

ஜெர்மனியின் திட்டத்தில் ஓட்டைகள் உண்டு. இருந்தாலும், வீட்டு மூலையில் ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் செய்துவந்த சேவையை அந்நாட்டுச் சட்டம் வேலை என்று ஏற்றுக்கொண்டது. அந்தச் சுமையில் ஒரு பகுதியை நாடே சுமக்கவும் முன்வந்தது!