26 வீட்டுச் சொந்தம்

புதிதாக வீடு கட்டிக் குடிபோகும் பெண்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. வீடு என்னவோ சொந்தம்தான். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலித்தால் கூப்பிட ஒரு பெயர்கூடத் தெரியாது. ஆண்கள் டீக்கடை, பஸ் ஸ்டாப் என்று நாலு பேரைப் பழகிக்கொள்கிறார்கள். நாம் கேட்டுக்கு உள்ளேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்போம். தங்கள் தனிமையைப் பற்றி இந்தப் பகுதியில் பல சகோதரிகள் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம், எங்கள் தெருவைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நினைப்பேன். இன்றுதான் நேரம் கிடைத்தது.

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். என் கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். 2009ல் அவருடைய பி.எஃப். பணத்தில் திருச்சிக்கு வெளியே ஒரு சின்ன வீடு கட்டினோம். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போவோம். பெரிய பங்கு, நூற்றுக்கணக்கான குடும்பங்கள். பூசை முடிந்ததும் அவரவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பக்கத்தில் முழங்காலிட்டிருந்தவர் யார் என்றே தெரியாது.

குடிவந்த இரண்டாவது மாதம், கையில் ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தோடு இரண்டு பெண்கள் வந்து கேட்டைத் தட்டினார்கள். ஒருவர் ஓய்வு பெற்ற டீச்சர். "புதுசா வந்திருக்கீங்கன்னு கேள்விப்பட்டோம். வர்ற சனிக்கிழமை ஏழு மணிக்கு அடுத்த தெருவுல அன்பியக் கூட்டம். ரெண்டு பேரும் வாங்க. எதுவும் கொண்டுவர வேண்டாம்" என்றார். என் பெயர், பிள்ளைகள் பெயர், சொந்த ஊர், போன் நம்பர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அந்தத் தெருவில் என் பெயரை ஒருவர் கேட்டது அன்றுதான் முதல் தடவை.

அன்பியம் என்றால் என்ன என்று மற்ற மதத்துச் சகோதரிகள் கேட்கலாம். ஒரு பங்கில் உள்ள குடும்பங்களைத் தெருவாரியாக இருபது, முப்பது வீடுகளாகப் பிரித்து, வீட்டுக்கு வீடு முறைவைத்துக் கூடி ஜெபிப்பதுதான் அன்பியம். ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதரின் பெயர் வைப்பார்கள். எங்களுடையதில் 26 வீடுகள். வாரம் ஒரு வீடு என்றால் வருஷத்துக்கு இரண்டு முறை நம் வீட்டு வாசல் எல்லோருக்கும் திறக்கும்.

இது நம்மூரில் மட்டும் உள்ள ஏற்பாடு அல்ல. எங்களுக்குப் பயிற்சி தர வந்த ஒரு சிஸ்டர் அதன் கதையைச் சொன்னார். லத்தீன் அமெரிக்க நாடுகளில் குருக்கள் குறைவு. ஏழை ஜனங்கள் தாங்களே சின்னச் சின்னக் குழுவாகக் கூடி வேதம் வாசிக்க ஆரம்பித்தார்கள். 1968ல் கொலம்பியாவின் மெடலின் நகரில் கூடிய ஆயர்கள் அதை ஆதரித்தார்கள். ஆப்பிரிக்காவிலும் இப்படிப்பட்ட குழுக்கள் வளர்ந்தன. 1990ல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர்களும் இந்த வழியையே காட்டினார்கள். அடித்தளக் கிறிஸ்தவச் சமூகம் என்று நீளமாகச் சொல்வதைவிட, தமிழில் 'அன்பியம்' என்பது எவ்வளவு அழகாக இருக்கிறது!

கூட்டம் ஒரு மணி நேரம்தான். கூடத்தில் பாய் விரிப்போம். ஸ்டூலின் மேல் ஒரு வெள்ளைத் துணி, மாதா சுரூபம், வேதப் புத்தகம், ஒரு மெழுகுதிரி. வீட்டுக்கார அம்மா திரியை ஏற்றியதும் பாட்டு. பிறகு ஒருவர் நற்செய்தியில் ஒரு பகுதியை வாசிப்பார். அதில் மனதைத் தொட்ட ஒரு வார்த்தையை மட்டும் அவரவர் மெதுவாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் மௌனம். அதன்பின் அந்த வார்த்தை ஏன் மனதைத் தொட்டது என்று பகிர்ந்துகொள்வோம். இந்த வாரம் தெருவில் யாருக்கு என்ன செய்யலாம் என்று பேசுவோம். கடைசியில் அவரவர் மன்றாட்டு. தென்னாப்பிரிக்காவின் லும்கோ என்ற பயிற்சி நிலையத்தில் உருவாக்கிய ஏழு படி முறை இது.

இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பேச முடியும். எங்களில் ஒரு பாட்டிக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. காதால் கேட்டு, ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள்வார். ஒருமுறை 'பயப்படாதே' என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டு, "என் மவன் குடிச்சுட்டு வர்ற நேரம் எனக்குப் பயம்" என்றார். பிரசங்கத்தில் கிடைக்காத பாடம் எங்களுக்கு அன்று கிடைத்தது. அடுத்த நாளே இரண்டு ஆண்கள் அந்த மகனை உட்காரவைத்துப் பேசினார்கள். உடனே திருந்திவிட்டான் என்று சொல்லமாட்டேன். ஆனால் அம்மாவுக்குப் பின்னால் 25 வீடு இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. கை ஓங்குவது நின்றது.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். சிக்கல்களும் வந்தன. முதல் சிக்கல் பலகாரம். ஒரு வீட்டில் கேசரி கொடுத்தார்கள். அடுத்த வீட்டில் கேசரியோடு போண்டா. அதற்கடுத்து கட்லெட், ஐஸ்கிரீம்! தன் முறை வருவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போதே சில பெண்கள் வராமல் நின்றுவிட்டார்கள். உடம்பு சரியில்லை என்றார்கள். உண்மையில் சரியில்லாதது பர்ஸ்தான். டீச்சர் இதைப் புரிந்துகொண்டு ஒரு சட்டம் போட்டார்: பணக்கார வீடானாலும் ஏழை வீடானாலும் சுக்கு காப்பி மட்டும்தான். பிறந்த நாள், கல்யாண நாள் எதற்கும் விதிவிலக்கு கிடையாது. நின்றவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

இரண்டாவது சிக்கல் வாய். ஒரு தாய், புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்ட மகளுக்காக அழுது ஜெபித்தார். மறுநாள் அந்த விஷயம் ரேஷன் கடை வரிசை வரைக்கும் போய்விட்டது. அந்தம்மா மூன்று மாதம் வரவில்லை. அதிலிருந்து, கூட்டம் முடியும்போது டீச்சர் மறக்காமல் சொல்வார்: "இங்க கேட்டதை இங்கயே விட்டுட்டு வீட்டுக்குப் போங்க." சொல்லிச் சொல்லித்தான் அது பழக்கமானது.

மூன்றாவது கொஞ்சம் கசப்பானது. எங்கள் நோட்டில் கடைசிப் பெயர், வீட்டு வேலை செய்து பிழைக்கும் ஒரு பெண். ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. "இடம் போதாது, பக்கத்து வீட்டுலயே வச்சுக்கலாம்" என்று சிலர் யோசனை சொன்னார்கள். அவள் தலை குனியவில்லை. "எல்லார் வீட்டுக்கும் வந்தேன். என் வீட்டுக்கும் வாங்க" என்றாள். போனோம். உள்ளே எட்டுப் பேர், மற்றவர்கள் வாசலில் தெருவிளக்கின் கீழே பாய் போட்டு உட்கார்ந்தோம். அன்று மூன்று குடும்பங்கள் வரவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று மேடையில் பேசுவது சுலபம். அவள் வீட்டு டம்ளரைக் கையில் வாங்கிக் குடிப்பதில்தான் உண்மை இருக்கிறது. ஆறு மாதம் கழித்து மறுபடி அவள் முறை வந்தபோது, அந்த மூன்றில் இரண்டு குடும்பங்கள் வந்தன. காப்பியும் குடித்தன. ஒரு குடும்பம் இன்றுவரை அவள் வீட்டுப் படி ஏறவில்லை. அவளோ அவர்கள் வீட்டு முறைக்குத் தவறாமல் போகிறாள்!

இனி என் விஷயம். 2013ல் என் கணவர் காலமானார். நம் பக்கத்தில் கணவனை இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக்கூடாது என்று ஒரு வழக்கம் இருக்கிறதே, அது கிறிஸ்தவக் குடும்பங்களையும் விட்டுவைக்கவில்லை. அதற்கும் வேதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மூன்று மாதத்தில் எங்கள் வீட்டு முறை வந்தது. உறவுக்கார அம்மாள் ஒருவர் வந்திருந்தார். திரி ஏற்றும் நேரத்தில், "சுமங்கலி யாராச்சும் ஏத்தட்டுமே" என்றார் மெதுவாக. கூடத்தில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. என் கையில் தீப்பெட்டி. கால் பின்னால் போனது.

டீச்சர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்: "சிலுவையடியில நின்ன மாதாவும் புருஷனை இழந்தவங்கதாம்மா. இது உங்க வீடு. நீங்கதான் ஏத்தணும்." யாரும் பாட்டை ஆரம்பிக்கவில்லை. இருபது பேரும் காத்திருந்தார்கள். கை நடுங்க ஏற்றினேன். சட்டென்று பாட்டு எழுந்தது. என்றைக்கும் இல்லாத சத்தம்!

இது சின்ன விஷயமாக உங்களுக்குத் தோன்றலாம். எங்கள் அன்பியத்தில் என்னையும் சேர்த்துக் கணவனை இழந்தவர்கள் நாலு பேர். மற்ற மூவரும் தங்கள் முறை வந்தால் மருமகளையோ மகளையோ ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள். அடுத்தடுத்து அவர்களும் தாங்களே ஏற்றினார்கள். ஒருவர் இப்போது கூட்டத்தையே நடத்துகிறார். இன்னொருவர், தன் பேத்தி கல்யாணத்தில் மேடையேறி ஆசீர்வாதம் செய்தார்.

யோசித்துப் பார்த்தால், வீட்டுக் கூடத்தில் கூடி ஜெபிப்பது பெண்களால் வளர்ந்த வழக்கம். ஆதித் திருச்சபைக்குக் கோவில் கட்டடம் ஏது? மாற்குவின் தாய் மரியாவின் வீட்டில் ஜனங்கள் கூடி ஜெபித்ததையும், லீதியாள் சீடர்களைத் தன் வீட்டுக்கு வருந்தி அழைத்ததையும் திருத்தூதர் பணிகள் சொல்கிறது. பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் பெண்களும் உட்காரலாம் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் ஆணையிட்டது 2016ல்தான். வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி திறந்துவிட்டது 2021ல். எங்கள் பாய் விரித்த கூடத்தில் அதற்கு முன்பே நாங்கள் வாசித்தோம், விளக்கம் சொன்னோம், நடத்தினோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கோவில்கள் மூடியபோது அந்த நீளமான நோட்டின் அருமை புரிந்தது. 26 வீட்டில் ஏழு வீடுகளில் வயதானவர்கள் தனியாக இருந்தோம். ஒவ்வொருவருக்கும் ஒரு இளம் குடும்பத்தைப் பொறுப்பாக்கினார்கள். காலை பத்து மணிக்குப் போன் வரும். மாத்திரை, காய்கறி, பால் என்று கேட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு அவரவர் வீட்டில் ஒரே நேரத்தில் ஜெபமாலை. அந்தச் சமயத்தில் எங்களில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போக முடியவில்லை. வண்டி தெருவைக் கடந்தபோது 25 வீட்டு கேட்டிலும் மெழுகுதிரி எரிந்தது. இந்து சகோதரியான எதிர்வீட்டு அம்மாவும் தன் வாசலில் ஒரு அகல் விளக்கு ஏற்றிவைத்தார்.

இன்றைக்கும் குறை இல்லாமல் இல்லை. ஆண்கள் வருவது குறைவு. பிள்ளைகள் செல்போனோடு அறைக்குள் போய்விடுகிறார்கள். சில சனிக்கிழமை பத்துப் பேர்தான் தேறுகிறோம். இருந்தாலும் சுக்கு காப்பி கொதிக்கிறது. வராதவருக்கு மறுநாள் காலை போன் போகிறது.

உங்கள் தெருவில் அன்பியம் இருக்கலாம், விளக்கு பூஜைக் குழு இருக்கலாம், மகளிர் மன்றம் இருக்கலாம். எந்தப் பெயரில் கூடினாலும் மூன்று விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். எல்லா வீட்டு வாசலுக்கும் முறை வரட்டும். எந்த வீட்டுக்கும் பாரமில்லாத அளவு செலவு இருக்கட்டும். முதல் விளக்கை அந்த வீட்டுப் பெண்ணே ஏற்றட்டும், அவள் யாராக இருந்தாலும். என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

— ஒரு வாசகி, திருச்சி