பறவையின் இரையும் படிக்காசும்

'கடவுள் விட்ட வழி' என்னுஞ் சொல்லை நம்மவர் இருவகையாற் கூறுவர். தன் கையால் ஆவன யாவும் செய்து முடித்தவன் கூறுவது ஒன்று. ஒன்றுமே செய்யாதவன் கூறுவது மற்றொன்று. வறுமைக் காலத்து இறைவனை நம்பியிருத்தல் இவ்விரண்டனுள் எதுவென ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

அம்பாறை மாவட்டத்து இறக்காமம், முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையராய் வாழும் ஊர். குளமும் வயலுமே அதன் செல்வம். பெரும்போகத்துக்கு விதைக்கும் ஏழை உழவன் கடன்பட்டன்றோ விதைக்கின்றான்! மனைவியின் நகை ஈட்டில் இருக்கும். வடகீழ்ப் பருவமழை பிந்தினால் பயிர் கருகும், மிஞ்சினால் அழுகும். அந்நிலையில் அவன் அல்லாஹ்வின்மீது 'தவக்குல்' வைத்தேன் என்பான். பொறுப்பை ஒப்படைத்தல் என்பதே அவ்வரபுச் சொல்லின் பொருள். வழக்குரைப்பவரைக் குறிக்கும் 'வக்கீல்' என்னுஞ் சொல்லும் அதே வேரிற் பிறந்ததாம். வழக்கை வக்கீலிடம் ஒப்படைத்தவன் உறுதியையும் சாட்சியையும் தானே தேடிக் கொணர்தல் வேண்டுமென்பதை யாவரும் அறிவர்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்புவதா, அவிழ்த்துவிட்டு நம்புவதா என வினவிய ஒருவர்க்கு, முதலிற் கட்டுக, பின்னர் நம்புக என்னுங் கருத்துப்பட நபிகள் நாயகம் விடையளித்தார் என்பர். வெறுவயிற்றோடு காலையிற் சென்று, நிறைவயிற்றோடு மாலையில் மீளும் பறவையையும் அவர் எடுத்துக்காட்டினார். கூட்டிலேயே அடங்கிக் கிடந்த பறவைக்கு இரை வந்ததாக அங்கே கூறப்படவில்லை.

இக்கருத்துச் சைவர்க்கும் புதியதன்று. சேக்கிழார் பெரியபுராணத்துட் கூறும் திருவீழிமிழலைச் செய்தியை நோக்குக. சோழநாட்டைப் பஞ்சம் வாட்டிய காலத்தில், அடியார் பசியால் வாடாவண்ணம் அப்பருக்கும் சம்பந்தருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு காசு இறைவன் அருளினான். இருவர் மடங்களிலும் அமுது சமைக்கப்பட்டது. ஆயின், சம்பந்தர் மடத்தில் மட்டும் அமுது பிந்திற்று. காரணம் வினவியபோது, அப்பர் பெற்ற காசைக் கடைக்காரர் அப்படியே ஏற்கின்றனர், தாங்கள் பெற்ற காசுக்கு வட்டங் கேட்கின்றனர் என அமுதாக்குவோர் கூறினர். உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு புரிபவர் அப்பர். ஆதலின் அவர் காசு குறையற்றது எனச் சம்பந்தர் உணர்ந்தார். பின்னர்ப் பதிகம் பாடி நற்காசு பெற்றார்.

இறைவன் கொடுத்தது காசு, சோறன்று. கடைக்குச் சென்றோரும் அடுப்பெரித்தோரும் மக்களே. தெய்வக் காசுக்கும் வட்டங் கேட்ட கடைக்காரரை யாம் குறைகூற மாட்டோம். பஞ்சத்தில் அவரும் பிழைத்தல் வேண்டுமே!

2004 திசம்பர் 26ஆம் நாள் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளைக் கடல்கோள் அழித்தது. உயிர் தப்பிப் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் பாடசாலைகளிலும் தஞ்சம் புகுந்தோர்க்குச் சோறு வந்தது பிறர் அடுப்புகளிலிருந்தே.

இவ்வாறு பிறர் கைவழியாக வரும் உணவுக்கு இசுலாம் ஒரு கணக்கும் வகுத்துள்ளது. குறித்த அளவுக்கு மேற்பட்ட விளைச்சலில், வான்மழையால் விளைந்ததாயின் பத்தில் ஒரு பங்கும், உழைத்து நீரிறைத்து விளைவித்ததாயின் இருபதில் ஒரு பங்கும் சக்காத்தாகக் கொடுத்தல் கடன். அப்பரின் காசிற்போல இங்கும் கையுழைப்பு மதிக்கப்படுதல் காண்க. அப்பங்கு அறுவடையோடு கொடுக்கப்படல் வேண்டும். ஆண்டு நிறையும்வரை வைத்திருத்தற்குரியதன்று. சக்காத்துப் பெறுதற்குரிய எண்வகையினருள் வறியோரோடு கடன்பட்டோரும் உளர். எனவே சென்ற மாரியில் கடன்பட்டு விதைத்து யாவும் இழந்தவன், இவ்வாண்டு விளைந்த அயலான் களத்திலிருந்து நெல் பெறுதல் இரத்தலாகாது. அஃது அவனுக்குரிய பங்கேயாம்.